மூன்றாவது பாட்டு

ஜட்காவில் ஒரு காலை வைத்த முத்தாரம்மாள் மறுபடியும் இறங்கி வீட்டுக்குள் போனாள். இதற்கு முன்பே ஒரு தடவை அப்படி இறங்கியிருந்தாள். "அம்மா, சமயம் போகுதே," என்று ஜட்காக்காரன் சொன்னது அவள் காதில் விழவில்லை.

வாசலை ஒட்டிய அறையான முன்முறியை அடைத்துக் கிடந்த மேசையை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து, உள்முறி வாசலில் போய் நின்றாள். அவள் கணவர் தாணுலிங்கம், அவள் விட்டுவிட்டுப் போன மாதிரியே கட்டிலில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். ஏறியது. இறங்கியது.

"என்ன, பாட்டை வச்சு மறந்துட்டியா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"மருந்து தலைமாட்டுல இருக்கு."

"சொன்னியே."

"எழும்பப்பிடாது. என்னமும் வேணும்னா உங்க அக்காளை, மைனியைக் கூப்பிடுங்க. அடுக்களையிலதான் நிக்கா."

"அதையும் சொன்னே. போ முத்து. ரேடியோக்காரன் உனக்காகக் காத்து நிக்கமாட்டான்."

அவருக்கு நெஞ்சுவலி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டாக்டர் சத்தியதாஸ் குழலை மடித்துப் பைக்குள் வைத்தபடியே சொன்னார், கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்று. பிறகு முன்முறிப் பக்கம் திரும்பிப் பார்த்து, "முக்கியமா, குனிஞ்சு நிமிந்து அந்த எஞ்சினுக்குச் சாவி கொடுக்கிற வேலை கூடவே கூடாது," என்றார்.

முன்முறி மேசை முழுக்க ரயில்பாதை. தம்பானூருக்கு முதல் ரயில் வந்த அன்று தாணுலிங்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வந்தார். மராமத்து இலாகாவில் படம் வரைகிறவர். அன்று தொடங்கினார். செங்கோட்டை மலைப்பாதையை அப்படியே மேசைமேல் கொண்டுவருகிறேன் என்றார். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிப் பெட்டிகள் செய்தார். பலாப்பலகையில் பாலம் செய்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடமிருந்து, சாவி கொடுத்தால் ஓடும் முழங்கை நீள எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். மலைகளுக்குப் போர்த்த முத்தாரம்மாளின் பழைய பச்சைச் சேலையைக் கேட்டார். அவள் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுக்களையில் போய் அழுதாள். அது அவள் தாய் வீட்டுச் சேலை.

அவளுக்குப் பாட்டு. கல்யாணத்துக்கு முன்பே படித்தது. இங்கே வந்தபிறகும் ஒரு பாகவதர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் பாதிப் பாட்டில் எழுந்து, "ஒண்ணு நீ பாடு, இல்லேன்னா அது ஓடட்டும். ரெண்டு தாளத்துக்கு நடுவுல எனக்கு உக்கார முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. அன்று முத்தாரம்மாள் சாப்பிடவில்லை. மறுநாள் தாணுலிங்கமே ஒரு வழி சொன்னார். விளக்கு வைக்கும்வரை ரயில், விளக்கு வைத்தபின் பாட்டு. அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் மீறவில்லை. விளக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டால் எஞ்சின் பாலத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுவார். பிறகு சாய்வு நாற்காலியில் வந்து உட்காருவார். முதல் பாட்டு முடியுமுன் தூங்கிப்போவார்.

"எது நல்லாருந்து?" என்று அவள் கேட்டால், "எல்லாமே நல்லாருந்து," என்பார். அதற்குப்பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ரேடியோ நிலையத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். போகவில்லை என்று சொல்லி அனுப்பப்போனவளை அவர்தான் தடுத்தார்.

"என் வண்டி இத்தனை வருசமா இந்த முறியை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. உனக்குக் கால் மணிக்கூறு குடுக்கான். போய்ப் பாடிட்டு வா. நான் வண்டியைத் தொடமாட்டேன்."

இப்போது வெளியே வரும் வழியில் முத்தாரம்மாள் மேசையருகில் நின்றாள். ஸ்டேஷனில் நின்றிருந்த எஞ்சினின் விலாவிலிருந்து சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டாள். கட்டிலிலிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"என்னை நம்பமாட்டியா?"

"உங்களை நம்புவேன். உங்க கையை நம்பமாட்டேன்."

ஜட்கா வலியசாலைத் தெருவைத் தாண்டும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

நிலையத்தில் ஜன்னலே இல்லாத ஒரு முறி. சுவரெல்லாம் கெட்டித் துணி. கதவைச் சாத்தியதும் காது அடைத்தது மாதிரி இருந்தது. இங்கே யாராவது ஆள் அனுப்பினால்கூட எனக்குத் தெரியாதே என்று நினைத்தாள். பிடில்காரர் சுருதி சேர்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒருவர் அவள் பெயரைச் சொன்னார்.

முதல் பாட்டைப் பாடும்போது அவள் மனசுக்குள் வீட்டுக் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் ஸ்தாயிக்குப் போகையில் மூச்சு முட்டியது. உடனே, அவருக்கு மூச்சு முட்டுகிறதோ என்று தோன்றியது. இரண்டாவது பாட்டு ஆனந்தபைரவி. சம்மணமிட்டு உட்கார்ந்ததில் மடியிலிருந்த சாவி இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. மைனி கஞ்சி கொடுத்திருப்பாளா, சூடு பார்த்துக் கொடுத்திருப்பாளா என்று ஒரு மனம் கேட்டுக்கொண்டிருக்க, வாய் தானாகப் பாடியது.

மூன்றாவது பாட்டில் எப்படியோ அது நடந்தது. காம்போதியில் ஒரு சங்கதி, வருடக்கணக்காக அவளுக்குப் பிடிபடாமல் நழுவிக்கொண்டிருந்த ஒன்று, கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது. பிடில்காரர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவள் அதை இன்னொரு தடவை பாடினாள். வேறுவிதமாக இன்னொரு தடவை. வீடு, கட்டில், கஞ்சி, மருந்து எல்லாம் போய்விட்டது. சிவப்பு விளக்கு அணைந்தபோது, எங்கே இருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை.

தெருமுனையில் ஜட்கா திரும்பியதும் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. பக்கத்து வீட்டு வக்கீல் அழகியநம்பி தெரு முழுக்கக் கேட்கும்படி ஜன்னலில் ரேடியோவை வைப்பவர். எல்லோரும் கேட்டிருப்பார்கள், சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகூடக் கொண்டாள். பிறகுதான் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதைக் கண்டாள்.

"போயிட்டானேட்டி!" மைனி பகவதியம்மாள், தாணுலிங்கத்தின் அக்கா, வாசலுக்கு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கஞ்சியை எடுத்துட்டு வாரேன், கட்டில்ல ஆளில்ல. அந்த எமன் வண்டிகிட்ட விழுந்து கெடக்கான். நீ அங்கிட்டுப் போனதும் எழும்பி வந்திருக்கான் பாத்தியா! அதுதான் அவனைக் கொண்டுபோச்சு. தகரத்துக்கு என் தம்பியைக் குடுத்தேனே!"

மேசைக்கும் தெருப்பக்கத்து ஜன்னலுக்கும் நடுவிலிருந்த ஒடுங்கின இடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். முத்தாரம்மாளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். தொடமாட்டேன் என்று சொன்னீரே. இதுக்காகவா எழும்பினீர்? வாயைத் திறந்தால் அதுதான் வெளியே வரும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

உட்காரும்போது இடுப்பில் சாவி குத்தியது.

அவள் தலையை நிமிர்த்தி மேசையைப் பார்த்தாள். எஞ்சின் அவள் விட்டுப்போன இடத்திலேயே, ஸ்டேஷனில் நின்றது. பெட்டிகள் பின்னால் தனியாக நின்றன. எதுவும் நகரவில்லை. அந்தச் சாவி இல்லாமல் அது நகராது. வேறு சாவியும் கிடையாது.

அழகியநம்பி உள்ளே வர இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்துக் கம்பிக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தங்கச்சி," என்றார்.

"சொல்லுங்கண்ணாச்சி."

"உன் பேரு சொன்னதும் இந்த ஜன்னல்ல வந்து நின்னாரு. நான் எங்க நடையில இருந்தேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமான்னு கேட்டாரு. வச்சேன். நீங்க எழும்பலாமான்னு கேட்டதுக்கு, உள்ளே கெடந்தா தெளிஞ்சு கேக்கல்ல, ஒரு பாட்டு கேட்டுட்டுப் போயிருவேன்னாரு. ஒண்ணு முடிஞ்சும் போகல்ல. கம்பியில விரலாலே தாளம் போட்டுக்கிட்டு நின்னாரு." அவர் அந்தக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். "தாளம் ஒண்ணும் சேரல்ல."

முத்தாரம்மாள் தரையைப் பார்த்தாள்.

"தூங்கலியா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"ஒண்ணுமில்ல. முழுசும் கேட்டாரா?"

"ரெண்டு பாட்டு வரைக்கும் நின்னாரு. மூணாவது தொடங்கினப்போ பாத்தேன், ஆளைக் காணல்ல. உள்ளே போய்ப் படுத்துட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன். நான் அப்பமே வந்து பாத்திருக்கணும்."

வக்கீல் சற்று நின்றுவிட்டு, "இதை நான் ஆருகிட்டயும் சொல்லல்ல. சொல்லவும் மாட்டேன்," என்று சொல்லிப் போனார்.

காலையில் முதல் பஸ்ஸில் நாகர்கோவிலிலிருந்து தாணுலிங்கத்தின் அண்ணன் கோலப்பன் வந்தார். தம்பி முகத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பகவதியம்மாள் அவரிடம் நடந்ததைச் சொன்னாள். இரவு முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதுதான்; சொல்லச் சொல்ல அதில் எஞ்சின் ஓடவும் தொடங்கியிருந்தது. கோலப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆளைத் தின்ன சாமானை நடுவீட்டுல வச்சுக்கிட்டு இருக்கியோ? நாலு பேரு நிக்க இடமில்ல. இவனை எடுக்கதுக்கு முன்ன இது வெளியே போகணும். வாசல்ல கொள்ளாதுன்னா வெட்டு."

யாரோ போய்க் கோடரி கொண்டுவந்தார்கள். ஒருவன் இடம் பண்ணுவதற்காக மலையைப் பிடித்து இழுத்தான். பச்சைச் சேலை கிழிகிற சத்தம் கேட்டது.

முத்தாரம்மாள் எழுந்தாள். கோலப்பனுக்கு முன்னால் அவள் இதுவரை நிமிர்ந்து நின்று பேசியதில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், அதைத் தொடாண்டாம்."

"என்னட்டி சொல்லுகே?"

"வண்டி ஓடல்ல. சாவி எங்கிட்டதான் இருந்துது. பாட்டுக்குப் போகும்போ நான் கொண்டு போனேன்." மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பகவதியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுச் சாவியைப் பார்த்தாள். "பின்னே என்னத்துக்கு எழும்பினான்?"

வாசலோரம் நின்ற அழகியநம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொல்லமாட்டார். தெரியாது என்று சொன்னால் போதும், அந்தக் கேள்வி அப்படியே புகையோடு புகையாகப் போய்விடும். முத்தாரம்மாள் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

"என் பாட்டைக் கேக்க," என்றாள். "உள்முறியில சரியாக் கேக்கல்லன்னு ஜன்னலுக்கு வந்தாரு. அங்ஙனதான் நின்னாரு. வண்டியைத் தொடவே இல்ல."

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். இன்னொருத்தி அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்தாள். இனி இந்தத் தெருவில் அவள் வாய் திறக்கும்போதெல்லாம் இவர்களுக்கு இது ஞாபகம் வரும். அவளுக்கும் வரும்.

கோலப்பன் எதையோ சொல்ல வாயெடுத்தார். தம்பி முகத்தைப் பார்த்தார். பிறகு கோடரியை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

பகவதியம்மாள் வெகுநேரம் தம்பியின் கைவிரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறுவதற்குள் முற்றத்தில் எல்லாம் தயாராகிவிட்டது. குளிப்பாட்டுவதற்குத் தூக்கிப் போக நாலு பேர் உள்ளே வந்தார்கள். ஜன்னலோரத்திலிருந்து வாசலுக்கு நேராகப் போக வழியில்லை. பாயோடு தூக்கியவர்கள் மேசையைச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. முன்னால் போனவன் சுவரில் முதுகு உரச ஒவ்வொரு அடியாக வைத்தான். ஸ்டேஷனைத் தாண்டி, கிழிந்து தொங்கிய மலையைத் தாண்டி, பாதை வளைகிற இடத்தில் அவர்களும் வளைந்தார்கள்.

"பாத்துப் போங்கடே," என்றாள் பகவதியம்மாள். "மேசையில இடிச்சிராதீங்க."

முத்தாரம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பகவதியம்மாள் அவளைப் பார்க்கவில்லை.

கடைசியாகப் போனவனின் இடுப்பு மேசை மூலையில் லேசாகப் பட்டது. தனியாக நின்ற பெட்டிகளில் ஒன்று தண்டவாளத்தில் மெல்ல உருண்டு, பாலத்துக்குச் சற்று முன்னால் போய் நின்றது.