ஐந்தாவது கட்டம்

எங்கள் மாளிகைப் பிரபுவின் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்காக இசைத் தலைவர் பிஹ்லர் புதிய சிம்பொனி எழுதியிருந்தார். அதன் மூன்றாம் பகுதி மினுவெட் என்னும் நடன இசை. அதன் நடுவில் கொம்பு தனித்துப் பாட வேண்டும். நான்கு தாளக் கட்டம் கேள்வி கேட்பது போல, அடுத்த நான்கு பதில் சொல்வது போல. இடையில் மூச்சுவிட இடமில்லை.

கொம்பு ஊதும் மத்தோஷுக்குத் தவக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, பாதி மூச்சுதான் திரும்பியிருந்தது. திருநாளில் ஒரு சுரம் உடைந்தாலும் மாளிகைச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று பிஹ்லர் சொல்லிவிட்டார். மத்தோஷுக்கு வேறு தொழில் தெரியாது.

எங்களுக்கெல்லாம் இசைத் தாள்களைப் படியெடுத்துத் தருபவள் ரோசாலியா, ஓபோ குழல் ஊதி இறந்துபோனவரின் மனைவி. அவள் பிஹ்லரிடம் போய், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டாள். நாலுக்கு நாலு இருந்தால்தான் அழகு, ஐந்து என்றால் நொண்டி நடை என்று அவர் சிரித்தார். அவள் கையெழுத்து அழகு, அதோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

திருநாளன்று தாள்கள் மை காய்ந்தும் காயாமலும் வந்தன. ஒத்திகைக்கு நேரமில்லை. பார்த்தவுடன் வாசிப்பது எங்களுக்குப் பழக்கம்தான். அவள் வேண்டுமென்றே தாமதித்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கொம்பு கேள்வியை முடித்தது. என் வயோலாத் தாளில் இன்னொரு கட்டம் இருந்தது: கடைசி மூன்று சுரங்களே மறுபடி, ஆனால் சன்னமாக. வயலின்களிலும் அதுவே. முன்வரிசையில் வயலின் வாசித்தபடி எங்களை நடத்திய பிஹ்லரின் வில்லும் அதைத்தான் வாசித்தது, அவர் தாளும் ரோசாலியா எழுதியதுதானே! அவர் காது சிவந்தது. அந்த இடைவெளியில் மத்தோஷ் கொம்பை உதட்டிலிருந்து எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டார். தாளம் தட்டிக்கொண்டிருந்த பிரபுவின் கால் தடுமாறியது. எல்லோருமாகத் தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆனால் மினுவெட்டில் எதையும் இரண்டு முறை வாசிப்பது வழக்கம். இரண்டாம் முறையும் அதே சன்னமான கட்டம் வந்தது. இம்முறை பிரபுவின் கால் அந்தரத்தில் காத்திருந்தது. கொம்பின் பதில் உடையாமல் எழுந்தது.

முடிந்ததும் பிரபு அந்த ஓர் இடத்தைத்தான் பாராட்டினார். வியன்னாவில் இருக்கும் மைத்துனருக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னார். பிஹ்லர் குனிந்து வணங்கி ஏற்றுக்கொண்டார்.

படியெடுக்கும் அறையில் ரோசாலியாவோடு நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பிஹ்லர் உள்ளே வந்தார்.

“யாரு சொல்லி என் இசையில கை வெச்ச?”

“யாரும் சொல்லல ஐயா. நானேதான் வெச்சேன்.”

“நாளைக்கே உன்ன வெளிய அனுப்பிடுவேன், தெரியுமா?”

“தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். பாராட்டு உங்களுக்கே இருக்கட்டும், நான் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன். ஆனா மூச்சு ஆண்டவர் குடுத்தது. நாலுக்கு நாலு வரலன்னு அத ஒரு மனுஷன்கிட்டேருந்து பிடுங்கறதுக்கு நான் உதவ மாட்டேன்.”

அவள் இறகுப் பேனாவை மையில் தோய்த்து அவரிடம் நீட்டினாள்.

“அந்தக் கட்டத்த அடிக்கணும்னா நீங்களே கோடு போட்டு அடிங்க. என் கை அடிக்காது.”

அவர் வாங்கிக்கொண்டார். பேனா முனை அந்தக் கட்டத்தின் மேல் நெடுநேரம் நின்றது. ஒரு சொட்டு மை அவருடைய சட்டைக் கை ஓரத்தில் விழுந்தது. பிறகு பேனாவை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“வயலின்காரங்க அந்த மூணு சுரத்தையும் வெட்டி வெட்டி வாசிச்சானுங்க,” என்றார் கடுகடுப்பாக. “மேல ஒரு வளைகோடு போடு. ஒரே வில் இழுப்புல வரணும்.”

அவர் போன பிறகு ரோசாலியா வளைகோடுகளை வரைந்தாள். கொம்பின் தாளில் அந்தக் கட்டத்தில் ஊதாமல் இருக்கச் சொல்லும் ஓய்வுக்குறி மட்டும்தான் இருந்தது. அதன் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.