வாளிக்குள் முதல் குமிழி

குளிர் தாங்காமல் இன்னொரு போர்வை தேடித்தான் தாட்சாயினி அலுமாரியின் மேல்தட்டில் கைவைத்தாள். போர்வைக்குப் பின்னால் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் நுரை ததும்பும் பியர் கிளாஸின் படம். பத்து வருடத்துக்கு மேலாகப் போனில் கதைத்த மனுசன், தான் குடிப்பதில்லை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பான்!

அவளுடைய கணவன் அருந்தவன் இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவன். தற்காலிக விசாவிலேயே காலத்தைக் கடத்தி, நிரந்தர விசா கிடைத்த பிறகுதான் யாழ்ப்பாணத்திலிருந்து அவளைக் கூப்பிட முடிந்தது. அவன் படகேறுமுன், கலியாணம் முடித்துச் சில மாதங்களே சேர்ந்திருந்தவர்கள். இப்போது டண்டினொங் என்ற புறநகரில் ஒரு சின்ன வாடகை வீட்டில், ஒருவரையொருவர் இடித்துவிடக் கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கி நடந்துகொண்டிருந்தார்கள். “குளிருதோ?” “இல்லை, பரவாயில்லை.” அதற்கு மேல் பேச்சு வளராது.

அன்று மாலை அவன் வேலையால் வந்ததும், பெட்டியைக் குசினி மேசையில் வைத்தாள்.

“இதென்னப்பா?”

அவன் முகத்தில் அசடு வழிந்தது. “நான் குடிக்கிறேல்லையப்பா. விசா கிடைச்ச அண்டைக்குச் சந்தோசத்தில வாங்கினது. சிநேகிதன் கீர்த்தனனோட கடைக்குப் போன இடத்தில மலிவாக் கிடந்தது. வீட்டில பியர் செய்யிற சாமான். முதன்முதல் செய்யிற ஆக்களுக்காம்.”

“அப்ப ஏன் செய்யேல்லை?”

“கிழமைக்கணக்கில வைச்சிருக்கோணுமெண்டு பெட்டியில எழுதியிருந்தது. நீர் வருமட்டும் காத்திருக்கிறதே போதும். இதுக்கும் சேர்த்துக் காத்திருக்க ஏலாமக் கிடந்தது. தூக்கி மேல போட்டிட்டன்.”

தாட்சாயினி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சரி, ஞாயிற்றுக்கிழமை செய்வம்,” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெட்டிக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி, மூடி, வளைந்த சிறு குழாய், ஒரு ரின், புளிக்கவைக்கும் ஈஸ்ட் ஒரு சின்னப் பைக்கற். எல்லாவற்றையும் கழுவு கழுவென்று கழுவிய பிறகு ரின்னைத் திறந்தார்கள். உள்ளே கன்னங்கரேலென்று, பார்லியில் காய்ச்சித் தேன்போலத் தடித்த மோல்ட் பாணி. கரண்டியால் வழித்தபோது அவள் சட்டைக் கையிலும் அவன் மூக்கிலும் ஒட்டிக்கொண்டது. “மூக்கில, மூக்கில!” என்று அவள் காட்ட, அவன் துடைக்கப்போய் கன்னமெல்லாம் பூசிக்கொண்டான். விமான நிலையத்திலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சுடுதண்ணீரில் பாணியையும் சீனியையும் கரைத்து, பச்சைத்தண்ணீர் விட்டு ஆற்றி, ஈஸ்ட் தூவி மூடினார்கள். மூடியில் அந்த வளைந்த குழாயைச் செருகி, அதற்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டார்கள். உள்ளே புளிக்கத் தொடங்கினால் அந்தத் தண்ணீரில் குமிழி கிளம்ப வேண்டும்.

குமிழி கிளம்பவில்லை. அவன் வேலைக்குப் போனபின் தாட்சாயினி கதிரையை இழுத்து வாளிக்கு முன்னால் போட்டுக்கொண்டு பார்த்தாள். குளிர்தான் காரணமென்று போர்வையால் சுற்றினாள். சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அறைக்குள் இழுத்துப்போய் வைத்தாள். அசைவில்லை. மூன்றாம் நாள் அவன் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“உங்களுக்கு என்னோட கதைக்க ஒண்டுமில்லை. போனில கதைச்ச மனுசன் எங்க போயிட்டார்? நான் வராமலே இருந்திருக்கலாம்.”

அருந்தவன் ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே நிலத்தில் குந்தினான்.

“பயமப்பா. போனில நீர் முகம் சுளிச்சாலும் எனக்குத் தெரியாது. இப்ப எல்லாம் தெரியுது. சில நாள் சாப்பிட்டிட்டு உமக்கு எடுக்கிறதுக்குப் போனைத் தேடுறன். பிறகுதான் நீர் பக்கத்தில இருக்கிறீர் எண்டு நினைவு வரும்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனைப் பார்த்தாள். “எனக்கும் அப்பிடித்தான்,” என்றாள்.

சமைக்கும்போது, மேசையில் கிடந்த வெறும் ஈஸ்ட் பைக்கற்றை அவன் தற்செயலாகத் திருப்பினான். “இஞ்ச பாருமன், திகதி எப்பவோ முடிஞ்சு போச்சு!”

அடுத்தநாள் அவன் அரைநாள் லீவு போட்டான். இருவரும் பஸ் பிடித்து, பியர் செய்யும் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரியிடம் அவன் வாய் திறக்க முன், “ஓல்ட் ஈஸ்ட். டெட்,” என்றாள் தாட்சாயினி. இந்த நாட்டில் வெளியாளோடு அவள் பேசிய முதல் ஆங்கிலம் அது. கடைக்காரி உரக்கச் சிரித்துவிட்டு, மணந்து பார்க்கும்படியும், கெட்ட மணமில்லையென்றால் புது ஈஸ்ட்டைப் போடும்படியும் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். இஞ்சி பியர் என்று ஒன்று இருப்பதையும் சொன்னாள்.

புது ஈஸ்ட் போட்ட மறுநாள் காலை, தாட்சாயினி தேநீர்க் கோப்பையோடு எட்டிப்பார்த்தபோது வாளி ‘புளுக்’ என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவள் ஓடிப்போய் அவனுக்குப் போன் எடுத்தாள்.

“கேளுங்கோ!” என்று போனை வாளிக்குக் கிட்டப் பிடித்தாள்.

“கேக்குது, கேக்குது!” என்று வேலைத்தலத்திலிருந்து கத்தினான் அவன். தேநீர் இடைவேளை முடியுமட்டும் இருவரும் கதைத்தார்கள். வாளியைப்பற்றி, அவனுடைய சூப்பவைசரைப்பற்றி, அவள் தங்கச்சியின் புதுச் சண்டையைப்பற்றி. மாலையில் அவன் வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தான்.

குமிழி அடங்கியபின் போத்தல்களில் அடைத்து, மேலும் சில கிழமை வைத்தார்கள். திறக்கும் நாளன்று கீர்த்தனனும் அவன் மனைவி யோகாவும் வந்திருந்தார்கள். முதல் போத்தல் சீறிக்கொண்டு மேசைவிரிப்பை நனைத்தது. இரண்டாவது ஒழுங்காகக் கிளாஸில் இறங்கியது.

கீர்த்தனன் ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்தான். “கடைப் பியர் மாதிரி இல்லை. ஆனா மச்சான், குடிக்கலாம்!”

அருந்தவன் ஒரு வாய் குடித்துக் கண்ணைச் சுருக்கினான். தாட்சாயினி அவன் கிளாஸை வாங்கி நுனிநாக்கால் தொட்டாள். கசப்பு, பின்னால் சுட்ட பாண் மணம்.

“சீ, எனக்கு வேண்டாம். அடுத்தது இஞ்சி பியர் போடுவம். இப்பத் தொடங்கினா எப்ப முடியும்?”

“வெயில் காலம் வந்திடும்,” என்றான் அருந்தவன்.

“வரட்டும்,” என்றவள் யோகாவின் பக்கம் திரும்பினாள். “அக்கா, நல்ல இஞ்சி ஸ்பிரிங்வேலிலயோ வாங்கிறனீங்கள்? எந்த ட்ரெயின் எடுக்கோணும்? நான் தனியப் போய்ப் பாக்கிறன்.”