கோயில் கல்யாணச் சீட்டு

இசக்கிமுருகன் எழுத்துக் கற்றுக்கொண்டது ஐம்பத்திரண்டாவது வயதில். அதுவரைக்கும் களக்காட்டு வாழைத்தார் சந்தையில் சுமை தூக்கிய பிடரிதான் அவருக்குச் சோறு போட்டது. பிறகு ஒரு மழைக்காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டு, பாதி நாள் வேலை என்றானபோது, சாயங்காலங்களில் சாலோமி டீச்சர் நடத்திய முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தார். டீச்சர் நோட்டில் பென்சிலால் மெல்லிசாக எழுதிக் கொடுப்பார். அதன் மேலேயே பேனாவை ஓட்டவேண்டும். "மங்கலாத் தெரியுதுல்லா அண்ணாச்சி, அதும் மேலயே பைய எழுதுங்க" என்பார். அப்படி மேலே மேலே எழுதித்தான் இரண்டு வருஷத்தில் அவருக்குத் தமிழ் வந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீஸில், சங்கரிக்கு விசாரணை. சங்கரி அவர் பெண்சாதி. வவுனியாவில் பிறந்தவள். சண்டைக்காலத்தில் மாமா வீட்டோடு திருச்சிக்கு விமானத்தில் வந்து இறங்கினாள். இங்கேயே தாலி கட்டி, ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்து வேலைக்கும் அனுப்பியாயிற்று. இன்னும் வருஷா வருஷம் விசாவை நீட்டிக்க வரிசையில் நிற்கிறாள். இந்தியக் குடிமகனின் மனைவி என்று குடியுரிமைக்கு மனுப் போட்டு ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இதில் தள்ளிவிட்டால் மறுபடி மனுவை யார் வாங்குவார்கள் என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுற்றின பீடியைக் கொடுக்கச் சங்கரி பீடிக்கடைக்குப் போயிருந்தாள். இசக்கிமுருகன் பாயை விரித்து, தாள்களை ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கினார். கடவுச்சீட்டு, விசா, அவருடைய ஆதார், வாக்காளர் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று. முன்பெல்லாம் நிறத்தையும் முத்திரையையும் வைத்துத்தான் எது என்ன என்று கண்டுபிடிப்பார். இப்போது வாசித்தே அடுக்கினார். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

கடைசியில் அந்தச் சீட்டு வந்தது. ஆற்றங்கரை முருகன் கோயிலில் கல்யாணம் முடித்ததற்குக் கொடுத்த ரசீது. கார்பன் எழுத்து வெளிறி, வெங்காயத் தொலி மாதிரி ஆகியிருந்தது. கல்யாணம் நடந்தது என்பதற்கு அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். 'மணமகன்' என்று தெரிந்தது. பக்கத்தில் தன் பெயர். இருபத்தாறு வருஷமாகப் பெட்டியில் கிடந்த தன் பெயரை அன்றைக்குத்தான் வாசித்தார்.

கல்யாணம் நடந்த ஐப்பசியில் ஆறு இரு கரையும் முட்டிப் போயிற்று. கீழ்க்கோயில் கோபுரம் வரைக்கும் தண்ணீர். சாமியைக் கரைமேல் இருந்த மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், கல்யாணமும் அங்கேதான். பாதி உறவு அக்கரையிலேயே நின்றுவிட்டது. பூக்காரர் வரவில்லை. சாமி கழுத்தில் கிடந்த மாலைகளை எடுத்துக் குருக்கள் கொடுத்தார். கணக்கர் சீட்டு எழுத மேசை இல்லாமல், தவிலைச் சாய்த்து அதன் மேல் தாளை வைத்து எழுதினார். தவில்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சங்கரி சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இசக்கிமுருகன் பேனாவை எடுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, சீட்டிலிருந்த மங்கல் எழுத்தின் மேலேயே ஒவ்வொன்றாக எழுதினார். அவள் பெயருக்கு மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று. முடித்தபோது சீட்டு புதுசு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில்தான் சங்கரி கோப்பைத் திறந்து பார்த்தாள்.

"இதில ஆர் எழுதினது?"

களக்காட்டுப் பேச்சு அவள் வாயில் ஏறி எத்தனையோ காலம் ஆயிற்று. பயம் வந்தால் மட்டும் வவுனியா திரும்பிவிடும்.

"நாந்தான். ஒண்ணுமே வெளங்கல பாத்துக்க. அதிகாரி கண்ணக் கசக்கிக்கிட்டா வாசிப்பாவ?"

"கணக்கர் கையெழுத்துக்கு மேலயுமோ?"

"அத மட்டும் விட்டா ஒட்டுப்போட்ட மாதிரில்லா இருக்கும்."

அவள் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். சோதனைச் சாவடிகளில் தாளை நீட்டி நீட்டி வளர்ந்தவள் அவள். ஓரம் கிழிந்த அட்டைக்காக அவள் அண்ணனை ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். அதெல்லாம் அவருக்குக் கதையாகத்தான் தெரியும்.

"கள்ளச் சீட்டுன்னு சொல்லிருவாங்க" என்றாள் கொஞ்சம் கழித்து. "நீங்க வாயத் தொறக்காதிய. நான் பேசிக்கிடுதேன்."

வண்ணார்பேட்டையில் இறங்கும்போதும் கோப்பை அவளே பிடித்துக்கொண்டாள்.

முதலில் அவளை மட்டும் கூப்பிட்டார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து சுவரிலிருந்த அறிவிப்பையெல்லாம் வாசித்தார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அரைமணி கழித்து அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்க்குமுன் குமாஸ்தா அவரை உள்ளே அழைத்துவிட்டார்.

மேசைக்குப் பின்னால் அதிகாரி சித்ரலேகா. பக்கத்தில் குமாஸ்தா குமரகுருபரன். நடுவில் அந்தச் சீட்டு.

"இதுல எழுத்து மேல யாரோ எழுதியிருக்காங்க. யாரு?" என்றார் அதிகாரி.

"நாந்தாம்மா."

குமரகுருபரன் நிமிர்ந்தார். "ஒம்ம சம்சாரம் தான்தான் எழுதினதாச் சொல்லிட்டுப் போறாங்களே வே."

இசக்கிமுருகன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேசிக்கிடுதேன் என்றாளே, அது இதுதானா.

"அவ பொய் சொல்லுதாம்மா" என்றார். சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் நின்று, யாரைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. "எனக்காவச் சொல்லுதா. அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பீடிக்கடைக்குப் போயிருந்தா."

"ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் எதை எழுதட்டும்?"

"நான் சொல்லுததத்தான் எழுதணும்."

"அவங்க பத்தாவது வரை படிச்சவங்க. நீங்க மனுவுல கைநாட்டு வச்சிருக்கீங்க. எழுதத் தெரியாதவரு எப்படி எழுதினீங்க?"

"அப்பத் தெரியாது. இப்பத் தெரியும்."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். "கல்யாணத்தன்னைக்கு நடந்ததையும், இந்தச் சீட்டை நீங்க என்ன செஞ்சீங்கங்கறதையும் எழுதுங்க."

தாளில் ஒன்றுமே இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் பென்சில் கோடு இல்லாமல் அவர் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

"மேடம், இது பொழுதன்னைக்கும் ஆவும்" என்றார் குமரகுருபரன்.

"ஆகட்டும்."

ஆறு என்று எழுதினார். அடுத்து வெள்ளம். தவில் என்று எழுதும்போது சத்தம் காதில் கேட்டது. பிறகு கை தானாக நகர்ந்தது. வரிகள் பாம்பு மாதிரி வளைந்தன. சிரித்தாள் என்றும் எழுதினார். அதை எழுதவேண்டுமா என்று யோசித்து, அடிக்க மனசில்லாமல் விட்டுவிட்டார். மங்கிப்போனதால் நானே மேலே எழுதினேன், தப்பு என்னுடையது என்று முடித்து, பெயரைப் போட்டார். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்து ஒரே கை. வாசித்தார். தவில் வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதை அவங்களும் சொன்னாங்க. தவில்காரர் திட்டினாருன்னு." பேனா மூடியைத் திருகினார். "இந்தச் சீட்டு இனி சாட்சிக்கு ஆகாது. கோயில்ல ரசீதுப் புத்தகத்தோட அடிக்கட்டை இருக்கும். நானே கேட்டு எழுதுறேன். அது வந்ததும் உங்க வாக்குமூலத்தையும் சேர்த்துப் பரிந்துரை பண்ணி அனுப்பிடறேன். அவங்க சொன்ன அந்த ஒரு வரியை, வந்து மாத்திச் சொல்லச் சொல்லுங்க. அது நின்னா அவங்களுக்குத்தான் கெடுதல்."

"சரிம்மா."

"இனிமே எந்தத் தாளையும் அழகு பண்ணாதேயும்" என்றார் குமரகுருபரன், அவர் எழுந்தபோது.

சங்கரி உள்ளே போய், சொன்னதை மாற்றிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் வெளியே நடந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் வெயில் அடித்தது.

"என்னயப் பொய்க்காரின்னு சொன்னியளாமே."

"நீ சொன்னது பொய்தான?"

"ஓம்." அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "அவ்வளவு நேரமா என்னத்த எழுதினிய?"

அவர் சொன்னார். வெள்ளம், சாமி மாலை, தவில்.

"குருக்கள் தேங்காய் உடைக்கேக்க அழுகல் வந்தது எழுதினியளா?"

"வந்துச்சா?"

"வந்தது. என்ர மாமி அழுதவ. ஒருத்தரும் ஒங்ககிட்டச் சொல்லல."

"இவ்வளவு நாளா?"

"கட்டின பிறகு சொல்லி என்ன." அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். தண்ணீர் குறைவாக, பாறை தெரிய ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் இருக்கு. சொல்லுதேன், நில்லுங்க."

களக்காட்டு பஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று. அவர் கை காட்டவில்லை.