வெண்ணெய் வெளுக்கும் வரை

மரக்கரண்டி பாத்திரத்தின் ஓரத்தை உரசிச் சுற்றிக்கொண்டிருந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் முதலில் மணலாய்க் கரகரத்து, பிறகு ஈரமண்ணாய் இழுத்து, இப்போது சத்தமே இல்லாமல் வழுக்கின. சின்னவள் சுவரைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஓரகத்தி, அவள் அக்கா என்று கூப்பிடும் மூத்தவள், படுத்திருந்தாள்.

நெஞ்சில் நீர் கோத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டபோது, கட்டிலைச் சமையலறையை ஒட்டிய அறையில் போடச் சொன்னது அக்காதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தெரு முழுவதற்கும் பிஸ்கட் சுட்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கொடுப்பவள். அவள் எதையும் நிறுத்துப் பார்த்ததில்லை. வெண்ணெய் அடிபடும் சத்தத்தைக் கேட்டே பதம் சொல்வாள். சின்னவளுக்கு வந்த நாள் முதல் தட்டு கழுவுகிற வேலைதான். இந்த வருடம்தான் கரண்டி கைக்கு வந்தது. அக்காவுக்குச் சுவரைத் தாண்டிக் குரல் கொடுக்க மூச்சு போதவில்லை என்பதால் அவள் கையில் ஒரு ஸ்பூன். சுவரில் ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் நிறுத்து.

காலையில் பக்கத்தில் போனபோதுகூட அக்காவின் வாய் ஓயவில்லை.

"என்னடி, சாந்து கலக்குற மாதிரி கலக்குற? கொத்து வேலைக்கா போகப்போற?"

"அப்ப நீங்களே எழுந்து வந்து அடிங்க."

"வந்தேன்னு வையி, வெண்ணெய அடிக்கமாட்டேன். உன்னத்தான் அடிப்பேன்."

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. சின்னவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். துணிக்குள் ஆளே இல்லாதது போலிருந்தது.

இப்போது ஒரு தட்டு வந்தது. அடித்தாள். சிறிது கழித்து இன்னொன்று, பட்டும் படாமலும். அடித்தாள். பிறகு ஒன்றும் வரவில்லை.

இன்னும் பதம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் வெயில் பாத்திரத்துக்குள் இறங்கியது. மஞ்சள் வெளிறி, தந்தத்தின் நிறமாகி, கடைசியில் நிறம் என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. வலித்துக்கொண்டிருந்த கை வலிப்பதை விட்டது. வேறு யாருடைய கையோ சுற்றுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் கரைந்து, இருவரும் ஒரே பாத்திரத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது. அக்கா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் அவள் குறை சொல்லாமல் இருந்ததே இல்லை. அந்த மௌனத்தைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, உள்ளுக்குள் குளிர்ந்துபோய், சின்னவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அக்காவிடம் காட்டும் ஆசை பொறுக்க முடியாமல் பாத்திரத்தோடு அந்த அறைக்குப் போனாள். ஸ்பூன் போர்வைமேல் கிடந்தது. அக்காவின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. எங்கோ கேட்கும் சத்தம் என்னவென்று கண்டுபிடிக்கப் பார்ப்பவள்போலப் புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது.

"அக்கா, பாருங்க. இது போதுமா?"

கேட்ட பிறகுதான் புரிந்தது. தொட்ட கன்னம் இன்னும் சூடாக இருந்தது.

அதன்பின் வீடு அவளுடையதாக இல்லை. யார் யாரோ நாற்காலிகளை நகர்த்தினார்கள். யாரோ அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிப்போனார்கள். பஸ் ஓட்டப் போயிருந்த அக்காவின் கணவர், அத்தான், வண்டியைப் பாதி வழியில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சீருடையோடு வந்தார். அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் கேட்டார்.

"போறப்ப பக்கத்துல யாரு இருந்தா?"

"இவதாண்ணே. கூடவேதான் இருந்தா" என்றான் சின்னவளின் கணவன்.

அத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்படியொரு நன்றியோடு அவளை யாரும் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் யாரோ கட்டிக்கொண்டு அழுதார்கள். அடக்கம் முடிந்து வந்த பிறகும் அந்தப் பார்வை இறங்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கரண்டி சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு எதற்கு அந்த நன்றி? சொல்லிவிட்டால், தன் மனைவி தனியாகத்தான் போனாள் என்று அவர் தெரிந்துகொள்வார். சொல்லாவிட்டால் தினமும் அந்த முகத்துக்குச் சோறு போட வேண்டும்.

மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது பாத்திரம் உள்ளே இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. இளகவிட்டு, மாவைச் சலித்துக் கலந்து, சுட்டெடுத்தாள். அக்காவின் பிஸ்கட் தடியாக நிற்கும். இவை தட்டில் பரவி, ஓரம் கண்ணாடி மாதிரி மெலிந்துவிட்டன.

துக்கம் விசாரிக்க வந்த தையற்காரம்மாவுக்குத் தேநீரோடு இரண்டை வைத்தாள்.

"அவங்க செஞ்சு வச்சிட்டுப் போனதா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "எப்பவும் நம்ம பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைப்பாங்க. இது வச்சதும் போயிடுச்சே!" சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் போனதும் அத்தான் மீதமிருந்த ஒன்றை எடுத்துக் கடித்தார். மெல்லும்போது தலை சாய்ந்தது.

"இது அவ கை இல்லையே."

"இல்ல அத்தான். நான் அடிச்சது." அவள் நின்றபடியே சொன்னாள். "நான் பக்கத்துல இல்ல. அந்தப் பக்கம் அடுப்படில இருந்தேன். போதும்னு தட்டுவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். தட்டவே இல்ல. எப்ப போனாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் மீதியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நீ நிறுத்தலையா?"

"இல்ல."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று.

"அவ இவ்வளவு நேரமெல்லாம் அடிக்கவே மாட்டா" என்றார். "பாதியிலேயே தோள் வலிக்குதுன்னு விட்டுட்டு, இதுதான் பதம்னு நம்மள ஏமாத்திடுவா." சிரிக்கப் பார்த்து, முடியாமல் மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். "முதல்ல எந்த வீட்டுக்குக் குடுப்பா?"

"எதிர்ல, நர்ஸம்மா வீட்டுக்கு."

அட்டைப்பெட்டியில் காகிதம் விரித்து அவள் அடுக்கினாள். உடைந்துவிடப் போகிறதே என்று, ஒவ்வொன்றையும் அவர் இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, பெட்டியோடு எதிர் வீட்டுக்குப் போனார்.

சின்னவள் ஜன்னலருகே வந்தாள். இத்தனை வருடத்தில் அவர் அந்த வீட்டுக்குள் போனதில்லை. மூடிய கதவின் முன்னால் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு, யாரும் சொல்லாமலே, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, காலையிலிருந்து சீவாத தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிப் படியவைத்துக்கொண்டார்.