அறுபது பாயிண்ட்

மெட்ராஸ் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்த வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெள்ளை நிற ஃபோர்டு கார்ட்டினா ஜி.டி. நிற்கும்போது நாலு கதவு வைத்த சாதாரணக் குடும்ப வண்டிதான். மிதித்தால்தான் அதன் சுபாவம் தெரியும். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போனதை, தி.நகர் ஜவுளிக்கடைச் சண்முகவேல் எழுபதாம் வருஷம் வாங்கினான். இரண்டு அண்ணன்மாரையும் சம்மதிக்க வைக்க அவன் பட்ட பாட்டை நாய்கூடப் படாது. ரெண்டு மைல் தள்ளி இருக்கிற கடைக்கு வர எதற்கு இப்பேர்ப்பட்ட வண்டி என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆசை பிடித்தவனிடம் போய் நியாயத்தைக் கேட்டால் என்ன கிடைக்கும்?

உண்மையைச் சொன்னால் வண்டி மட்டும் இல்லை அவன் ஆசை. அடையாறு காந்தி நகரில் ஜவஹர் என்று ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளை. அவன் வீட்டுக் கார் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் பதினைந்து பேர் கூடுவார்கள். கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட், பிஸ்டன் இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வருஷா வருஷம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார்ப் பந்தயம்தான் அவர்களுக்குத் திருவிழா. சண்முகவேல் முதலில் ஒரு ஃபியட்டோடுதான் அங்கே போனான். இன்ஜினைப் பற்றி அவர்களில் பாதிப் பேரைவிட அவனுக்கு அதிகம் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? எல்லாரும் அவனை "அண்ணாச்சி" என்றார்கள். தென்பாண்டிச் சீமையில் அது மரியாதைச் சொல். அடையாற்றில் அதற்குக் கல்லாப்பெட்டி வாசனை அடிக்கும். பில் போட்டாச்சா அண்ணாச்சி, பேன்ட் துணி புதுசா வந்திருக்கா அண்ணாச்சி என்று அவன் உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். அவனும் சிரித்து வைப்பான்.

கார்ட்டினா வந்த அன்றைக்கு ஜவஹர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "பின்னிட்டே வேல்" என்றான். வேல்! அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியவன், மயிலாப்பூர் மாடவீதி நாலையும் காரணமே இல்லாமல் இரண்டு தடவை சுற்றினான்.

அப்புறம் சும்மா இருக்க முடியுமா? ஜவஹர் லண்டன் போய்விட்டு வரும்போது ஒரு பந்தயக் கேம்ஷாஃப்டைப் பெட்டிக்குள் துணியைச் சுற்றி வைத்துக்கொண்டு வந்து கொடுத்தான். அதைப் போட்டால் வால்வுகள் இன்னும் ஆழமாக இறங்கும், இன்ஜின் இன்னும் ஆவேசமாக மூச்சு வாங்கும். அதோடு ஹெட்டையும் சீவ வேண்டும். அதாவது, இன்ஜினின் மேல் மூடியை அடிப்பக்கத்தில் முடியளவு இழைத்து எடுப்பது. எடுத்தால் உள்ளே அழுத்தம் கூடும், வேகமும் கூடும். அளவு தப்பினால் இறங்குகிற வால்வும் ஏறுகிற பிஸ்டனும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். அத்தோடு கதை முடிந்தது. வெளிநாட்டு உதிரிபாகம் எதையும் இறக்குமதி செய்ய முடியாத காலம் அது.

ஹெட் சீவ அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஆள்தான், ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்த மெஹபூப் அலி பாய். நாற்பத்தைந்து வயது. சொந்தமாக ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின். எழுதப் படிக்கத் தெரியாது. பார்ட்டி சொல்லும் அளவைக் காதில் வாங்கி, ஒரு தடவை திருப்பிச் சொல்வார். பட்டறையில் நோட்டும் கிடையாது, பென்சிலும் கிடையாது. இருபது வருஷத்தில் ஒரு அளவு தப்பியதில்லை. அவர் கை பட்ட இன்ஜின் என்றால் வாயைத் திறக்காமல் வாங்கிப் பூட்டுவார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஃபியட், மில்லிமீட்டர் வண்டி. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பட்டறையில் "பாயிண்ட்" என்பார்கள். இங்கிலாந்து வண்டிகள் இஞ்சுக் கணக்கு. இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு "தவ்". ஒரு தவ் என்பது கிட்டத்தட்ட இரண்டரைப் பாயிண்ட். ஜவஹரின் வெளிநாட்டுப் பத்திரிகையில் இருபத்துநாலு தவ் சீவலாம் என்று போட்டிருந்தது. அதை அப்படியே போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சண்முகவேலுக்குக் கை பழகியது ஃபியட். கடையில் ஒரு பில்லின் பின்புறத்தில் பெருக்கிப் பார்த்து, அறுபது பாயிண்ட் என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டான்.

பட்டறைக்குப் போய், "அறுபது எடுத்துருங்க பாய்" என்றான். பாயிண்ட் என்ற வார்த்தை அவன் மனசுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மெஹபூப் அலி ஹெட்டைத் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ் வண்டி. இங்கிலீஷ் வண்டிக்கு அறுபது என்றால் அவருக்கு அறுபது தவ்தான், வேறென்ன?

"அறுபதா சார்? ஜாஸ்தியா கீதே."

சண்முகவேலுக்குச் சுருக்கென்றது. தன் கணக்கின் மேல் ஒருத்தன் சந்தேகப்பட்டால் அவனுக்குப் பிடிக்காது. "எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தாச்சு பாய். அறுபதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

இத்தனைக்கும் அவன் கடையில் தினம் நடக்கிற சண்டையே இதுதான். பழைய வாடிக்கைக்காரர்கள் கெஜத்தில் கேட்பார்கள், சேல்ஸ்மேன் மீட்டரில் கிழித்து வைப்பான். எந்த அளவு என்று கேட்டுவிட்டுக் கத்தரியைத் தொடு என்று தொண்டை வறளக் கத்துகிறவன் சாட்சாத் சண்முகவேல்தான்.

இன்ஜினைப் பூட்டிக் கையால் சுற்றிப் பார்த்தபோது எதுவும் முட்டவில்லை. மயிரிழையில் தப்பி நின்றிருக்கிறது, யாருக்குத் தெரியும்? வண்டி பறந்தது. எழுபத்திரண்டு பிப்ரவரி, சோழவரத்தில் இரண்டு சுற்றிலேயே ஐந்து வண்டிகளைப் பின்னுக்குத் தள்ளினான். மூன்றாவது சுற்றின் நேர் பாதையில் முழுசாக மிதித்தபோது, இரும்புச் சட்டிக்குள் கல்லைப் போட்டு உலுக்குகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வண்டி எண்ணெயைக் கக்கிக்கொண்டு ஓரத்தில் போய் நின்றது. அவன் ஸ்டீயரிங்கின் மேல் தலையை வைத்து அழுதான். வெட்கமில்லாமல் அழுதான்.

அடுத்த ஞாயிறு ஜவஹரின் ஷெட்டில் இன்ஜினைப் பிரித்தார்கள். இரண்டு வால்வு முறிந்து, பிஸ்டன் பிளந்து, ஹெட்டின் வயிற்றில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்திருந்தது. ஜவஹர் ஹெட்டின் உயரத்தை அளந்தான். இன்னொரு தடவை அளந்தான்.

"நூத்தம்பது பாயிண்ட்டுக்கு மேல சீவியிருக்கு. நீ எவ்ளோ சொன்னே வேல்?"

"அறுபது."

"அறுபது பாயிண்ட்?"

அந்த நொடியில் சண்முகவேலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நூற்றைம்பதை இரண்டரையால் வகுத்தால் என்ன வரும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுற்றிலும் பதினைந்து முகங்கள். தவ்வுக்கும் பாயிண்ட்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாத துணிக்கடைக்காரன் என்று இவர்கள் சாகிறவரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். வேல் போய் மறுபடியும் அண்ணாச்சி வந்துவிடுவான். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லவில்லை, பாவி.

"ஆமா" என்றான்.

அந்தக் கூட்டத்தில் ஹெரால்ட் கார் வைத்திருந்த வெள்ளைத்துரை என்பவனுக்கு எதையும் பளிச்சென்று சொல்லிவிட வேண்டும். "பாய்க்குக் காது அவுட்டு மச்சி. நாள் பூரா அந்த மெஷின் இரைச்சல்ல நின்னா எவனுக்குத்தான் கேக்கும்?" என்றான். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

அதோடு விட்டார்களா? அன்றைக்கு மத்தியானமே ஜவஹர் சண்முகவேலையும் ஏற்றிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் போனான். மெஹபூப் அலி உடைந்த ஹெட்டைப் பார்த்துப் பதறிப்போனார். சார் அறுபது என்றுதானே சொன்னார், அறுபது தவ் சரியாக எடுத்தேனே என்றார். அறுபது பாயிண்ட் என்று சொல்லியிருக்கிறான், உங்கள் காதில் என்ன விழுந்தது என்று ஜவஹர் கேட்டான்.

மெஹபூப் அலி சண்முகவேல் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"பாயிண்ட்டுன்னா சொன்னீங்க சார்?"

சண்முகவேல் மெஷினைப் பார்த்துக்கொண்டு, "பாயிண்ட்டுன்னுதான் சொன்னேன் பாய்" என்றான்.

அவர் காதை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டார். "அப்ப என் காதுலதான் உழலை. மன்னிச்சுக்கோங்க சார்" என்றார். கூலியாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஜவஹர் வேண்டாம் என்று பெருந்தன்மையாகக் கையை ஆட்டினான். திரும்பி வரும் வழியெல்லாம் அவன்தான் பேசினான். நல்ல தொழில்காரன், பாவம், இனிமேல் அவரிடம் யாரும் வேலை கொடுக்கக்கூடாது என்று முடித்தான்.

யாரும் கொடுக்கவில்லை. இன்ஜின் வேலையில் பேர்தான் எல்லாம். காது கேட்காத பாய் என்ற பேர் அடையாற்றிலிருந்து மவுண்ட் ரோடு ஒர்க்‌ஷாப்புகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சண்முகவேல் கார்ட்டினாவைத் தார்ப்பாய் போட்டு மூடி, வீட்டுக் கொல்லையில் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் போனான். எல்லாரும் வேல் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவுமில்லை, சொல்லவுமில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று ஒன்றரை வருஷம் ஓட்டினான்.

எழுபத்து மூன்று ஆடி மாசம், தள்ளுபடிக் கூட்டம் கடையில் அலைமோதிக்கொண்டிருந்தபோது ஒரு போஸ்ட் கார்டு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். தங்கள் வண்டிக்கு ஹெட் கிடைத்திருக்கிறது, வீட்டுக்கு வந்து எடுத்துப் போகவும், மெஹபூப் அலி, ஆதம்பாக்கம்.

அவன் அப்படியே கல்லாவை விட்டு எழுந்தான். அண்ணன் கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஓட்டு வீடு. மெஹபூப் அலி காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இப்போது ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் என்றார். ஆள் பாதியாகியிருந்தார். சணல் சாக்கைப் பிரித்து ஒரு ஹெட்டைத் தூக்கி அவன் முன்னால் வைத்தார். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அதே மாதிரி இன்னொரு கார்ட்டினா ஹெட். கொச்சியில் விபத்தில் நசுங்கிய ஒரு வண்டி பழைய இரும்புக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு தடவை ரயிலேறிப் போய் வாங்கி வந்தாராம்.

லேத் என்ன ஆயிற்று என்று சண்முகவேல் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"வித்துட்டேன் சார். பார்ட்டி வராம போனதுக்காக இல்ல. நம்பிக்கை பூட்ச்சு. நான் அளவைக் காதுல வாங்கறவன். காது போனவன் மெஷின் முன்னாடி நிக்கக் கூடாது. உங்களுக்கு வண்டியோட போச்சு. இன்னொருத்தனுக்கு உசுரு போனா அல்லாவுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அவன் வண்டியை ஓட வைத்துவிட்டால் தனக்கு ராத்தூக்கம் வரும் என்றும் சொன்னார்.

சண்முகவேல் அந்த ஹெட்டைத் தொடவில்லை. முன்னால் பதினைந்து பேர் இல்லை, ஜவஹர் இல்லை. இப்போதும் சொல்லாவிட்டால் அவன் மனுஷ ஜென்மமே இல்லை.

"பாய், நான் பாயிண்ட்டுன்னு சொல்லலை. வெறும் அறுபதுன்னுதான் சொன்னேன். நீங்க கேட்டது சரி. அன்னைக்கு அவங்க முன்னால பொய் சொன்னேன்."

மெஹபூப் அலி சணல் சாக்கை எடுத்து மடித்து வைத்தார்.

"ஜாஸ்தியா கீதேன்னு நான் கேட்டேன், இல்ல?"

"கேட்டீங்க."

"கணக்குப் போட்டாச்சுன்னீங்க."

"ஆமா பாய்."

திட்டுவார், அடிப்பார் என்று சண்முகவேல் காத்திருந்தான். அடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் உள்பக்கம் திரும்பி, "ஹமீதுன்னிசா, என் காது நல்லாத்தான் கீதாம்" என்றார். குரல் எழும்பவேயில்லை.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். புருஷன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. வந்தவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை. குனிந்து, அவர் காதோடு வாயை வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வந்தவருக்கு டீ போடட்டா?" என்று கத்தினாள். ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் எல்லாரும் அவரிடம் அப்படித்தான் பேசினார்கள்.