என் மெஷின்ல சரியா வருதே

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறுப்புத்திரை’ என்று பெயர். மற்ற ஐந்து பேரின் கம்ப்யூட்டர்களிலும் கலர் கலராக ஏதேதோ திறந்து கிடக்க, இவள் திரை மட்டும் எப்போதும் கறுப்பாக இருக்கும். அதில் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி ஓடும். இணையதளங்கள் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. மூன்றாவது மாடியில் ஒரே அறை, ஆறு மேஜை, அடிக்கடி முரண்டு பிடிக்கும் ஒரு லிஃப்ட்.

கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டத்தில் எத்தனையோ வகை உண்டு. அவளுக்கு லினக்ஸ்தான். ஒன்பது வருடமாக வேறொன்றைத் தொட்டதில்லை. ஆரம்பத்தில் பெரிய காதலெல்லாம் கிடையாது. கைமாறி வந்த பழைய லேப்டாப்புக்கு இதுதான் லேசாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், போட்டுக்கொண்டாள். மூன்றாம் மாதம் தெரியாத்தனமாக எதையோ அழித்துவிட, மெஷின் எழுந்திருக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணவனின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, படிப்பதும் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் திரையில் கர்சர் சிமிட்டியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உடைத்ததும் அவள்தான், ஒட்டவைத்ததும் அவள்தான். அதன்பிறகு அதை விட மனசு வரவில்லை.

“என்னைவிட அதுக்குத்தான் உன்கிட்ட செல்லம்” என்பான் கணவன்.

“அது குறட்டை விடாது” என்பாள்.

இரண்டு மாதம் முன்பு புது மேலாளர் வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து ஆறு மேஜையிலும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர், ஒரே சிஸ்டம் என்றார். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம், யார் வேலையையும் யாரும் தொடரலாம். நியாயமாகத்தான் இருந்தது.

இருந்தாலும் கூட்டம் கலைந்ததும் அவர் மேஜைக்குப் போனாள். “சார், என்னை மட்டும் விட்டுடுங்களேன்.”

“ஏம்மா, அப்படி என்ன இருக்கு அதுல?”

சொல்வதற்கு அவளிடம் ஒன்பது வருடக் காரணங்கள் இருந்தன. வாயில் வந்தது ஒன்றுதான். “கை பழகிடுச்சு சார்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, இப்போதைக்கு வெச்சுக்குங்க. அதனால வேலைல ஏதாவது குறை வந்தா அப்போ பேசலாம்.”

அந்த வாரமே வந்தது.

ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவள் இணையதளம் செய்து கொடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, ‘உறுதி செய்’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். ஆஸ்பத்திரி வரவேற்பாளர் போன் செய்தார்.

“அந்தப் பொத்தானையே காணோம்னு சொல்றாங்கம்மா.”

அவள் உடனே திறந்து பார்த்தாள். பொத்தான் பச்சையாகப் பளிச்சென்று இருந்தது. “என் மெஷின்ல சரியா வருதே மேடம்.”

“உங்களுக்கு வருதும்மா. இங்க வர்றவங்களுக்கு வரலையே.”

மறுநாளும் போன் வந்தது, மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் பதில் சொல்லும்போது மேலாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் வெளிச்சம் குறைவாக இருந்தது. சொட்டு மருந்து விட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பாளருக்கு ஐம்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்ததுமே அவளுக்குப் பகீரென்றது. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அவள் செய்த பக்கத்தில் தேதிகள் வீங்கிப்போய், அவற்றையும் பொத்தானையும் அடக்கியிருந்த பெட்டி முழுவதையும் அடைத்திருந்தன. பெட்டியின் அடி விளிம்பில் பச்சையாக ஒரு கீற்று. அவ்வளவுதான் பொத்தான்.

“இவ்ளோ பெருசா வெச்சிருக்கீங்களே?”

“கண்ணு தெரியாதவங்கதானேம்மா கண்ணாஸ்பத்திரிக்கு வருவாங்க? எனக்கே இப்படி வெச்சாதான் தெரியுது.” அவர் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினார். “இதைத் தட்டினா அது மெல்லத் தலையைக் காட்டும். உடனே என்டர் அடிச்சுடணும். போன் பண்றவங்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். போன்ல இந்தக் கீ இல்லையே, அதுல பாக்குறவங்களுக்கு இது முடியாது. அவங்க பேரை நானே எழுதி வெச்சுக்குறேன்.”

நோட்டைக் காட்டினார். இரண்டு பக்கம் நிறையப் பெயர்கள்.

பெட்டியின் உயரம் இவ்வளவுதான் என்று அவள்தான் எழுதியிருந்தாள். அவளுடைய பொடி எழுத்துக்கு அந்த உயரம் கச்சிதம். தன் சிஸ்டத்தில், தன் எழுத்தில், தன் கண்ணால் மட்டுமே பார்த்திருக்கிறாள். அடுத்த மேஜைக்குக்கூடக் கொண்டுபோய்க் காட்டவில்லை. வேறு மெஷின்களைத் தொடவே கூடாது என்று ஏதோ விரதம் மாதிரி இருந்துவிட்டோமே என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

“தப்பு என்னோடதுதான்க்கா” என்றாள். மேடம் எப்போது அக்கா ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை. “இங்கயே உக்காந்து சரி பண்ணிடட்டுமா?”

வரவேற்பாளர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். அவள் லேப்டாப்பைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார். “ஐயோ, உங்களோடதும் கெட்டுப்போச்சா?”

“இல்லக்கா, இது இப்படித்தான் இருக்கும்.”

“இதையா நாள் பூரா பாக்குறீங்க? எதுக்கும்மா?”

“சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது.”

“எங்க வீட்டுக்காரருக்கு இதைப் போட்டுவிட முடியுமா?”

கண்ணை மூடியிருந்த ஒருவர் மூடியபடியே சிரித்தார்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது எவ்வளவு பெரிதானாலும் பெட்டியும் கூடவே நீளும்படி மாற்றினாள். வரவேற்பாளர் திரையில் பார்த்தாள், அவர் போனில் பார்த்தாள், கண் திறந்திருந்த ஒருவரிடம் கேட்டு அவர் போனிலும் பார்த்தாள். எல்லாவற்றிலும் ‘உறுதி செய்’ முழுசாகத் தெரிந்தது. பிறகு நோட்டிலிருந்த பெயர்களை இருவருமாக ஒவ்வொன்றாகப் பதிந்து முடித்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நேராக மேலாளரிடம் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். “நீங்க சொன்ன மாதிரியே குறை வந்துடுச்சு சார். நான் மாத்திக்குறேன்.”

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

“உங்களைத் தவிர நாங்க அஞ்சு பேர்ல யாராவது அந்த மாதிரி பெரிய எழுத்து வெச்சிருக்கோமா?”

“இல்ல சார்.”

“அப்போ எங்ககிட்ட காட்டியிருந்தாலும் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். இதுல ஆறு பேரும் ஒரே மாதிரி வேற ஆகிட்டா?” அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “நான் போட்ட திட்டத்துல ஒரு ஓட்டை இருக்கும்மா. அவங்கவங்க மெஷினை அவங்கவங்களே வெச்சுக்குங்க. ஆனா ஒரு தளம் வெளியே போறதுக்கு முன்னாடி எல்லாரும் இடம் மாறி உக்காரணும். ஒருத்தர் மெஷின்ல இன்னொருத்தர். எழுத்தைப் பெருசாக்கியும் பாக்கணும்.”

“என் மெஷின்லயுமா சார்?”

“உங்களோடதுலதான் முதல்ல.”

அன்று வீட்டில் இதைச் சொன்னதும் கணவன் கேட்டான், “உன் செல்லத்தை இனி எல்லாரும் தொடுவாங்களா?” அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். நான்கு நாள் கழித்து வரவேற்பாளர் கூப்பிட்டார். பொத்தானைத் தேடி யாரும் போன் செய்வதில்லையாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை முதன்முறையாக இடம் மாறினார்கள். அவள் மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்த கை யாரோ ஒருவருடையது போல இருந்தது. இருந்தாலும் பத்து நிமிஷத்தில் ஒரு படம் கோணலாக நிற்பதைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவளுடைய கறுப்புத்திரை முன்னால், தளங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் டிசைனர் தவித்துக்கொண்டிருந்தார்.

“இதை எங்க அழுத்தித் திறக்கிறது? அழுத்துறதுக்கு ஒரு குட்டிப் படத்தையும் காணோமே!”

அவள் எழுந்திருக்கவில்லை. “தேடுங்க, வரும்” என்றாள்.

ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு, நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.