முதல் வரியில் யார் பெயர்

"என் பேர் எங்க போச்சு?"

மனைவியின் விண்ணப்பத்தை அச்செடுத்து வந்து மேசையில் வைத்த கணவன், காலுறையைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாலாவது வரியில இருக்கு பாரு."

இருந்தது, 'உதவியாளர்' என்று. 'முதன்மை ஆய்வாளர்' என்ற முதல் வரியில் பெரிய டாக்டரின் பெயர் பட்டங்களோடு சட்டமாக உட்கார்ந்திருந்தது. நர்ஸான அவள் நேற்று எழுதிக் கொடுத்ததில் அந்தப் பெயரே கிடையாது.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. நானும் அதே ஆஸ்பத்திரி ஸ்டோர்லதான் குப்பை கொட்டுறேன். அவரைப் பகைச்சுக்கிட்டு நாம எங்க போய் நிக்கிறது? பேரு முன்னாடி வந்தா என்ன, பின்னாடி வந்தா என்ன?"

பின்னால் வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஆய்வு செய்ய அரசாங்கம் ஆண்டுதோறும் தரும் சிறு நிதி அது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றுதான் அறிவிப்பு சொல்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் எழுதிக் கேட்டு, பெரிய டாக்டர் பெயரில் கிடைத்தது. மார்பில் கட்டி இருக்கிறது, அடுத்த வாரம் பரிசோதனைக்கு வா என்று சொல்லி அனுப்பிய பெண்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்று, விடுமுறை நாட்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். அதை மாநாட்டில் கட்டுரையாக வாசித்தவர் அவர். 'பெண்களின் அறியாமையே காரணம்' என்று முடிவுரையை மட்டும் தம் கைப்பட மாற்றியிருந்தார்.

அந்தப் பெண்கள் சொன்னது வேறு. "ஆம்பளைங்க போற வர்ற வராந்தாவுல, ஒரு திரைகூட இல்லாம, ரவிக்கையைக் கழட்டுன்னா எப்படிம்மா?" அறியாமை என்று அச்சேறிவிட்டதால் வராந்தாவுக்குத் திரை வரவில்லை. விழிப்புணர்வுச் சுவரொட்டி வந்தது.

அவள் கணவனிடம் மல்லுக்கு நிற்கவில்லை. அலுத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தான் எழுதியிருந்தபடியே மறுபடி அச்செடுத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். உட்காரச் சொல்லி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என் பேரைக் காணோமே, சிஸ்டர்?"

"இந்தத் தடவை நானே பண்றேன் சார்."

"எப்பவும் நீங்கதானே பண்றீங்க! ஆனா துறைத் தலைவர் பேரு முதல்ல வர்றது இங்க வழக்கம். எனக்கு முன்னாடி இருந்தவருக்குப் பத்து வருஷம் நான் எழுதிக் குடுக்கலையா? வாயைத் திறந்தேனா?"

அந்தப் பத்து வருஷத்து வயிற்றெரிச்சல் அவர் குரலில் இன்னும் ஆறவில்லை. மேலே இருந்து வாங்கியதைக் கீழே தள்ளிவிடுகிறார், அவ்வளவுதான்.

"முடிவுரையை மாத்த மாட்டேன்னு சொல்லுங்க சார், உங்க பேரையே போடுறேன்."

அவர் பேனாவை மூடினார். "பேரை மாத்தி எடுத்துட்டு வாங்க. கையெழுத்துப் போடுறேன்."

அன்று நான்கு மணியோடு கெடு முடிகிறது. தபால் பிரிவு மேசையருகே நின்றபடியே அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். துறைத் தலைவர் கையொப்பத்துக்குக் கீழே, யாரும் நிரப்பாத கட்டம் ஒன்று உண்டு: 'பெற இயலாவிடில் காரணம்.' எழுதினாள்.

'கேட்டேன். தம் பெயர் முதலில் வந்தால்தான் தருவேன் என்றார். சென்ற முறை அவர் பெயர்தான் முதலில் வந்தது. வராந்தாவில் இன்னும் திரை இல்லை.'

தபால் பிரிவு எழுத்தர், பட்டம் படித்த பெண், வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"ஐயோ சிஸ்டர், இதை எடுத்த எடுப்புலயே தள்ளிடுவாங்க."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"தள்ளுறதுக்காவது யாராவது ஒருத்தர் படிச்சாகணும்ல. முத்திரை குத்தி ரசீது குடும்மா."

முத்திரை விழுந்தது. நீட்டிய ரசீதை எழுத்தர் உடனே விட்டுவிடவில்லை.

"போன வருஷம் என்னையும் பரிசோதனைக்கு வரச் சொன்னாங்க சிஸ்டர்," என்றாள், மேசையைப் பார்த்தபடி. "நான் போகல."

இந்தக் கட்டடத்திலேயே, இரண்டு மாடி கீழேதான் அந்த வராந்தா. நர்ஸுக்குக் கோபம்கூட வரவில்லை.

"நாளைக்குக் காலையில வா," என்றாள். "வார்டு பெட்ஷீட்டைப் பிடிச்சுக்கிட்டு நான் நிக்கிறேன்."